கருத்தரிப்புச் சிகிச்சை: கிறிஸ்தவத் தம்பதியாக எதை, எப்போது முடிவு செய்ய வேண்டும்?

ஒலிவக்கிளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 34, கணவருக்கு 37. ஒன்றரை வருடமாகக் குழந்தைக்காக முயற்சி செய்கிறோம். இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை. அடுத்த மாதம் முதல்முறையாகக் கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். நான் ஆர்.சி., அவர் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். கரு உண்டான நேரத்திலிருந்தே அது ஓர் உயிர் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. அதற்கு மேல் எது சரி, எது கூடாது என்று எங்களுக்குள்ளேயே தெளிவில்லை.

முதல் சந்திப்புக்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்? எந்தப் படி வரை மனச்சாட்சிக்கு இடறல் இல்லாமல் போகலாம்? ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே, ஆய்வகத்தில் கருவுறச் செய்யும் முறை) என்று வந்தால், கருக்கள் மிஞ்சிப்போகும் நிலையே வராமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா? விந்துப் பரிசோதனைக்குச் சுய இன்பத்தால் மாதிரி எடுக்கும் முறையே என் திருச்சபைப் போதனைக்கு ஒத்துவராது என்கிறார்கள். அதற்கு மாற்று இருக்கிறதா?

ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறோம், அது நிற்காது. அதோடு செய்ய வேண்டியவற்றைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிலி மார்த்தாள் எழுதியது:

சிஸ்டர், பெண்ணுக்கு 35 வயசுக்குள்ளன்னா ஒரு வருஷம், 35 தாண்டினா ஆறு மாசம். அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்ங்கறதுதான் பொதுவான கணக்கு. நீங்க போக வேண்டிய நேரத்துலதான் போறீங்க, இனி தள்ளிப் போடாதீங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல பரிசோதனை ஆரம்பிக்கணும். கிட்டத்தட்ட பாதித் தம்பதிகள்ல ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும். மனைவிக்கு ஊசி, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பு பார்க்கற சாயப்படம் எல்லாம் முடிஞ்ச பிறகு கணவரோட ரிப்போர்ட்டைக் கேக்கறது இன்னும் பல இடங்கள்ல நடக்குது. அதுக்கு இடம் கொடுக்காதீங்க.

கையில எடுத்துட்டுப் போக வேண்டியது: கடைசி ஆறு மாச மாதவிடாய் தேதிகள், எத்தனை நாள் போகுது, வலி எந்த அளவு, தாம்பத்தியத்துல வலி இருக்கா, முன்னாடி நடந்த ஆபரேஷன்கள், ரெண்டு பேரும் சாப்பிடற எல்லா மாத்திரையும். கணவர் டெஸ்டோஸ்டிரான் ஊசியோ, உடம்பு ஏத்தற ஸ்டீராய்டோ எப்பவாவது எடுத்திருந்தா மறைக்காம சொல்லணும். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திடும். விட்ட பிறகும் திரும்ப வர பல மாசம் ஆகும்.

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்னிக்கே ஆரம்பிங்க. சர்க்கரை நோயோ, வலிப்பு மாத்திரையோ இருந்தா 5 மில்லிகிராம் வேண்டியிருக்கும், டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ருபெல்லா (ஜெர்மன் அம்மை) எதிர்ப்பு இருக்கான்னு இப்பவே பார்த்துடுங்க. தடுப்பூசி போட்டா ஒரு மாசம் கருத்தரிக்கக் கூடாது. நடு சிகிச்சையில அது தெரிய வந்தா ஒரு மாசம் வீணாப் போகும்.

ரத்தப் பரிசோதனையில எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடயால்ங்கற ஹார்மோன் மூணும் மாதவிடாய் ரெண்டாவது இல்ல மூணாவது நாள். தைராய்டு, ப்ரோலாக்டின், ஏ.எம்.எச். எந்த நாள்லயும் எடுக்கலாம். ஏ.எம்.எச். முட்டை எத்தனை மிச்சம்னு சொல்லுமே தவிர அதோட தரத்தைச் சொல்லாது. குறைவா வந்தா உடனே மனசு உடைஞ்சு போயிடாதீங்க. முட்டை வெளியாகுதான்னு பார்க்கற ப்ரொஜெஸ்டிரான் பரிசோதனையிலதான் அதிகம் தப்பு நடக்குது. "21ஆம் நாள்"னு சீட்டுல எழுதிடுவாங்க. அது 28 நாள் சுழற்சிக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு 35 நாளைக்கு ஒருமுறை வருதுன்னா 28ஆம் நாள் எடுக்கணும். அதாவது அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னாடி. தப்பான நாள்ல எடுத்துட்டு முட்டையே வெளியாகலைன்னு முடிவு பண்ணிடக் கூடாது.

கருக்குழாய் சாயப்படம் ரத்தப்போக்கு நின்ன பிறகு, முட்டை வெளியாகறதுக்கு முன்னாடி எடுப்பாங்க. ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கலாமான்னு கேளுங்க. குழாய் ஆரம்பிக்கற இடத்துல தசை இறுகினா அடைப்பு மாதிரியே தெரியும். அதனால ஒரே படத்தை வச்சு "ரெண்டு குழாயும் அடைப்பு, நேரா ஐ.வி.எஃப்."னு சொன்னா, உறுதிப்படுத்த வேற பரிசோதனை உண்டான்னு தயங்காம கேளுங்க.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2021ல வெளியிட்ட கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில 1.6 கோடி அணு, மொத்த அசைவு 42 சதம், முன்னோக்கி நகர்றது 30 சதம், சரியான வடிவம் 4 சதம். 4 சதம்னு பார்த்துப் பயந்துடறாங்க, ஆனா அது சாதாரணம்தான். ஒரு விந்தணு உருவாக ரெண்டரை மாசம் போல ஆகும். அதனால கடந்த மூணு மாசத்துல கடுமையான காய்ச்சல் வந்திருந்தா ரிப்போர்ட் மோசமா வரலாம். முதல் ரிப்போர்ட் சரியில்லைன்னா மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துத்தான் முடிவு பண்ணணும்.

மாதிரி எடுக்க மாற்று இருக்கு. லேடெக்ஸ் இல்லாத, விந்தணுவைக் கொல்ற மருந்து பூசாத சிலிக்கான் உறை இதுக்காகவே கிடைக்குது. அதுல ஊசியால ஒரு சின்னத் துளை போட்டு, தம்பதியா சேரும்போது பயன்படுத்தி, உறையில தங்கினதை டப்பாவுல கொண்டு வரலாம். துளை இருக்கறதால அந்தச் சேர்க்கை கருத்தரிப்புக்கு மூடப்பட்டதா ஆகாது. சாதாரண ஆணுறை கூடவே கூடாது, அதுல அணுக்கள் செத்துடும். உமிழ்நீர், வழுவழுப்பு ஜெல் எதுவும் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள்ள, முடிஞ்சா அரை மணி நேரத்துக்குள்ள, உடம்புச் சூட்டுலயே லேபுக்கு வந்து சேரணும். முதல்ல வர்ற பகுதியிலதான் அணுக்கள் அதிகம். அது சிந்தியிருந்தா லேபுல கட்டாயம் சொல்லுங்க. இந்த முறையில எடுக்கப் போறோம்னு முன்கூட்டியே சொல்லிட்டா வாசல்ல நின்னு விளக்க வேண்டியிருக்காது.

மறைக்கல்வி ஆசிரியர் எழுதியது:

சகோதரி, உங்கள் இருவருக்கும் முன்னால் இரண்டு தனித்தனி ஆட்சேபங்கள் இருக்கின்றன. அவற்றைக் கலந்துவிட்டால் பேச்சு சுற்றிச் சுற்றி வரும்.

முதலாவது, கருவின் உயிர். கருவை உருவாக்கி அழிக்கலாமா, காலவரையின்றி உறைநிலையில் வைக்கலாமா, தரம் பார்த்துக் கழிக்கலாமா என்பது. இதில் நீங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள். இரண்டாவது, கருத்தரிப்பு எங்கே நிகழ வேண்டும் என்பது. குழந்தை கணவன் மனைவியின் தாம்பத்திய உறவின் கனியாக வர வேண்டும், ஆய்வகம் அந்த உறவின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது கத்தோலிக்கப் போதனை. வத்திக்கான் 1987இல் வெளியிட்ட 'டோனும் வீட்டே', 2008இல் வெளியிட்ட 'டிக்னிடாஸ் பெர்சோனே' இரண்டும், மறைக்கல்வி நூலின் 2376, 2377 எண்களும் இதைச் சொல்கின்றன. அதனால் ஒரு கருகூட வீணாகாமல், கணவன் மனைவியின் அணுக்களை மட்டுமே வைத்துச் செய்தாலும் ஐ.வி.எஃப். முறையைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. கருக்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் முதல் ஆட்சேபம் தீரும், இரண்டாவது அப்படியே நிற்கும். கசப்பாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டே நீங்கள் முடிவெடுப்பது நல்லது.

உறவுக்கு உதவுகிற சிகிச்சைக்குத் தடையில்லை. ஹார்மோன் குறையைச் சரிசெய்வது, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) அறுவை, கருக்குழாய் அடைப்பை நீக்குவது ஆகியவற்றை 2008 ஆவணமே பெயர் சொல்லி அனுமதிக்கிறது. முட்டை வெளியாவதற்கான மாத்திரை, ஸ்கேன் பார்த்து நாள் குறிப்பது, கணவரின் வேரிக்கோசில் (விதைப்பை ரத்தக்குழாய் வீக்கம்) அறுவை ஆகியவையும் அந்த வகையில்தான் சேரும். ஐ.யு.ஐ., அதாவது விந்தைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவது, இடைப்பட்டது. உறவுக்குப் பதிலாக நிற்கும் செயற்கை விந்தேற்றத்தை 'டோனும் வீட்டே' ஏற்கவில்லை, உறவுக்குத் துணையாக மட்டும் இருக்கும் நுட்பத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. எந்த முறை அந்த வாசலுக்குள் அடங்கும் என்பதில் இறையியலாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. இதை உங்கள் பங்குத்தந்தையோடு நேரில் பேசுங்கள். பேசும்போது 'ஐ.யு.ஐ. செய்யலாமா' என்று மட்டும் கேட்காமல், மாதிரி எப்படி எடுக்கப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புராட்டஸ்டண்ட் சபைகளுக்குப் பொதுவான ஒரே போதனைத் தலைமை கிடையாது. கணவன் மனைவியின் அணுக்கள் மட்டும், உருவாகும் ஒவ்வொரு கருவுக்கும் கருப்பையில் வாய்ப்பு என்ற இரண்டு நிபந்தனைகளோடு ஐ.வி.எஃப். முறையை ஏற்கும் போதகர்கள் பலர். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 2024 ஜூனில் கருவின் மாண்பை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, சபைகளில் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 2000ஆம் ஆண்டு ஆவணத்தில் கணவரின் விந்தைக் கொண்டு செய்யும் விந்தேற்றத்தை ஏற்று, உபரிக் கருக்களை உருவாக்கி அழிக்கும் முறைகளை விலக்கியது.

ஒன்றை மட்டும் யார் எதிர்த்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். எந்த முறையில் பிறந்த குழந்தையானாலும் அதன் மாண்பில் குறைவில்லை, ஞானஸ்நானத்துக்கும் தடையில்லை.

உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு முழுமையான காரணம் கண்டறிதல் மற்றவர்களைவிட முக்கியம். 'காரணம் தெரியவில்லை' என்ற முடிவோடு ஐ.வி.எஃப். பக்கம் போவது சிலருக்குக் குறுக்கு வழியாக இருக்கலாம். உங்களுக்கோ, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறதா, முட்டை வெளியாகும் நேரம் சரியா என்று பார்த்து முடிப்பதுதான் மனச்சாட்சிக்கு இடறல் இல்லாத பாதையை அகலமாக்கும்.

கருவியல் ஆய்வகத்திலிருந்து எழுதியது:

மேலே இரண்டு ஆட்சேபங்களையும் பிரித்துக் காட்டியது மிகச் சரி. நான் முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஐ.வி.எஃப். செய்வது என்று ஒரு தம்பதி முடிவெடுத்தால், கருக்களைப் பற்றிய அவர்களுடைய விருப்பம் ஆய்வகத்துக்கு எழுத்தில் வந்தாக வேண்டும். அதுவும் சினைப்பையைத் தூண்டும் முதல் ஊசி போடுவதற்கு முன்பே. முட்டை எடுக்கும் நாளில் மனைவி மயக்க மருந்தில் இருப்பார். எத்தனை முட்டையைக் கருவுறச் செய்வது என்ற முடிவு அடுத்த சில மணி நேரத்துக்குள் எடுக்கப்படும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் எல்லா முட்டையும் கருவுறச் செய்யப்படும், அதுதான் வழக்கமான நடைமுறை.

கணக்கு சுமாராக இப்படிப் போகும். எட்டு முதல் பதினான்கு நாள் ஊசிக்குப் பிறகு பத்து முட்டை கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு முதிர்ந்தவையாக இருக்கும். மறுநாள் காலை, 16 முதல் 18 மணி நேரத்தில் பார்க்கும்போது ஐந்தோ ஆறோ சரியாகக் கருவுற்றிருக்கும். ஐந்தாம் ஆறாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு (கருப்பையில் பதியத் தயாராகும் வளர்ச்சி நிலை) வருபவை அதில் ஏறக்குறைய பாதி. மற்றவை வளர்ச்சி தானாக நின்றுபோனவை. வளர்ச்சி நின்ற கரு வேறு, வளர்ந்துகொண்டிருக்கும்போதே கழிக்கப்படும் கரு வேறு. இந்த வேறுபாட்டை மருத்துவமனையோடு பேசும்போது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் வராமலிருக்க அதிகம் கையாளப்படும் வழி இது. எல்லா முட்டைகளையும் கருவுறச் செய்யாமல் சிலவற்றை மட்டும் செய்துவிட்டு, மீதியை முட்டையாகவே உறைய வைப்பது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் முட்டை கரு அல்ல, ஒரு தனிச் செல். வேண்டாமென்றால் விட்டுவிடுவதில் உங்கள் ஆட்சேபம் எழாது. உருக்கும்போது பத்துக்கு எட்டு, ஒன்பது பிழைக்கும். பிழைத்ததை இக்ஸி முறையில், ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு என்று ஊசியால் செலுத்திக் கருவுறச் செய்வோம்.

எத்தனை என்று முடிவு செய்ய ஒரே அளவுகோல்தான். உருவாக்கிய அத்தனையும் பிழைத்தால் அத்தனை பிள்ளைகளையும் பெற்று வளர்க்க நீங்கள் தயாரா? மூன்று பேருக்குத் தயார் என்றால் மூன்று முட்டை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. மூன்றைக் கருவுறச் செய்தால் சராசரியாக ஒரு பிளாஸ்டோசிஸ்ட் கிடைக்கும். சில தடவை ஒன்றுமே வராது, அப்போது உறைந்த முட்டைகளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மொத்தக் காலம் நீளும், 34 வயதில் அது சின்ன விஷயமல்ல. ஆனாலும் இளமையிலேயே உறைய வைத்த முட்டைக்கு அதற்குமேல் வயதாவதில்லை.

மருத்துவமனை ஃபார்மில் பலர் படிக்காமல் கையெழுத்துப் போடும் இடங்கள்: கணவனோ மனைவியோ இறந்தால் கரு யாருக்கு, பிரிந்தால் என்ன, சேமிப்புக் கட்டணம் கட்டத் தவறினால் என்ன, தொடர்பு அறுந்தால் என்ன, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் கொடுக்கச் சம்மதமா. சம்மதமில்லாததை அடித்துவிட்டு இருவரும் பக்கத்தில் கையெழுத்திடுங்கள், நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் சிகிச்சையைத் தொடங்காதீர்கள்.

ஃபார்மில் வராத கேள்விகள் இன்னும் முக்கியம். தரம் குறைந்ததாகத் தெரியும் கருவை என்ன செய்வீர்கள்? பல ஆய்வகங்கள் அதைக் கழித்துவிடும். வளர்ச்சி தொடரும் எந்தக் கருவையும் ஏழாம் நாள் வரை காத்திருந்து, கருப்பையில் வைக்கவோ உறைய வைக்கவோ வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். சரியாகக் கருவுற்றதில் முட்டையிலிருந்து ஒன்று, விந்திலிருந்து ஒன்று என இரண்டு உட்கருக்கள் தெரியும். அசாதாரணமாகக் கருவுற்றவையும் உண்டு. மூன்று உட்கருக்களோடு வருவது பெரும்பாலும் பிழைக்காது, அதை யாரும் கருப்பையில் வைப்பதில்லை. ஒன்று மட்டும் தெரிவது சில நேரம் நல்ல கருவாக வளரும். ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணு நுழைவதை இக்ஸி தவிர்க்கும் என்பதால், மூன்று உட்கரு வருவது அதில் குறைவு. மரபணுச் சோதனைக்குக் கருவின் வெளியடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை எடுப்பார்கள். 'கலப்பு' (சில செல்கள் சரி, சில செல்களில் பிழை) என்று முடிவு வந்த கருக்களிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்திருக்கின்றன. எப்படியும் எல்லாக் கருவுக்கும் வாய்ப்புக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தரம் பிரிக்கும் அந்தச் சோதனையால் உங்களுக்குப் பெரிய பயனில்லை.

ஒலிவக்கிளை எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கருவை உறைய வைக்கவே கூடாது என்று நாங்கள் முடிவெடுத்தால், சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு அந்த மாதம் கருவை வைக்க முடியாது என்று மருத்துவர் சொன்னால் என்ன செய்வது? கணவரின் சபையில் 21 நாள் உபவாச ஜெபம் தொடங்கப் போகிறது. சிகிச்சையோடு அதைச் சேர்த்துச் செய்யலாமா?

கருவியல் ஆய்வகத்திலிருந்து எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி அது. அந்த அபாயம் தெரிந்தால் மருத்துவர் முட்டையை முதிரவைக்கக் கடைசியாகப் போடும் வழக்கமான எச்.சி.ஜி. ஊசிக்கு (ட்ரிகர்) பதில் வேறு ஊசி போட்டு, எல்லாவற்றையும் உறைய வைக்கச் சொல்வார். உங்கள் விஷயத்தில் எல்லா முட்டைகளையும் கருவுறச் செய்யாமலே உறைய வைத்து, ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்துத் தேவையானதை மட்டும் உருக்கிக் கருவுறச் செய்யலாம். முட்டை எடுத்த அன்று மாலைக்குள் இந்த முடிவு தெரிந்தால்தான் முடியும். அதனால் 'அபாயம் வந்தால் முட்டையாகவே உறைய வைக்கவும்' என்ற வரியையும் எழுத்தில் சேருங்கள். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கும், ஏ.எம்.எச். அதிகம் உள்ளவர்களுக்கும் இது நிகழ வாய்ப்பு அதிகம்.

செவிலி மார்த்தாள் எழுதியது:

உபவாசம் பற்றி, சிஸ்டர்: ஊசி போடற நாட்கள்லயும், முட்டை எடுத்த பிறகு ரெண்டு வாரமும் தண்ணி குடிக்காத உபவாசம் வேண்டவே வேண்டாம். உடம்புல நீர் குறைஞ்சா, சினைப்பை வீக்கம் வந்தவங்களுக்கு ரத்தம் கெட்டியாகற ஆபத்து கூடும். சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை எதையும் டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது. அந்த 21 நாளும் கணவர் உபவாசம் இருக்கட்டும், நீங்க சாப்பிட்டுட்டு அவரோட சேர்ந்து ஜெபம் பண்ணுங்க.

ட்ரிகர் ஊசி நேரத்தை நிமிஷக் கணக்குல பிடிக்கணும். 34 முதல் 36 மணி நேரம் கழிச்சு முட்டை எடுப்பாங்க. இரவு ஜெபக்கூட்டம் முடிஞ்சு போட்டுக்கலாம்னு ரெண்டு மணி நேரம் தள்ளினா முட்டை கைக்கு வராமலே போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்துல முட்டை எடுக்க வேண்டி வந்தாலும் அதை மாத்தக் கேக்காதீங்க. எச்.சி.ஜி. ட்ரிகர் போட்டிருந்தா, அந்த மருந்து பத்து, பதினாலு நாள் வரைக்கும் சிறுநீர்ப் பரிசோதனையில பொய்யா 'பாசிட்டிவ்' காட்டும். சொன்ன தேதியில ரத்தப் பரிசோதனை எடுத்த பிறகு சபையில சொல்லுங்க.

சபை ஆலோசகர் எழுதியது:

மருத்துவ விஷயங்களை மேலே உள்ளவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டையும் சபையையும் பற்றிச் சொல்கிறேன்.

முதல் சந்திப்புக்கு முன் இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்: எந்தப் படியோடு நிறுத்துவோம், எத்தனை முறை முயல்வோம், கடன் வாங்குவோமா, வேறொருவரின் முட்டையோ விந்தோ வாடகைத் தாயோ வேண்டுமா, தத்தெடுப்பு எப்போது பேச்சுக்கு வரும். பிறகு மாற்றிப் படியுங்கள். இருவரில் யாருடைய கோடு முன்னால் இருக்கிறதோ, அங்கே நிற்பதே உங்களைப் போன்ற கலப்புத் தம்பதிக்கு நல்லது. ஒருவர் மனச்சாட்சியை மிதித்துக்கொண்டு சம்மதித்த சிகிச்சை, தோற்றாலும் ஜெயித்தாலும் பிற்பாடு பழியாகத் திரும்பும். கத்தோலிக்கர் நீங்கள் என்பதால் அந்தக் கோடு பெரும்பாலும் உங்களுடையதாகத்தான் இருக்கும். அதைக் கணவர் உங்கள் குற்றமாக எண்ணாதபடி இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

சபையில் யாருக்குச் சொல்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று பேர் போதும். பொது ஜெப விண்ணப்பத்தில் பெயர் வந்துவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் 'என்ன ஆச்சு' என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குழந்தையில்லாமைக்குப் பாவமே காரணம் என்று யாராவது சொன்னால் லூக்கா 1:6, 7 வசனங்களை ஒன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்கள் என்று சொன்ன கையோடு அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறது வேதம். அன்னாள் மனங்கசந்து அழுதபோது ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தார். ஊழியர்களும் தவறாகக் கணிக்கலாம் என்பதற்கு வேதத்திலேயே சாட்சி இருக்கிறது.

சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் கரு கலைந்தாலும் அதைத் துக்கமாகவே நடத்துங்கள். ஒரு கரு உருவாகி ஐந்தாம் நாளோடு நின்றுபோனாலும் அந்தத் தாய்க்கு அது இழப்புத்தான். அடுத்த சைக்கிளை உடனே தொடங்கச் சொன்னால், ஒரு மாதம் தள்ளி வைத்தால் மருத்துவ ரீதியாக நஷ்டம் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் 'இல்லை' என்பார்கள். அந்த மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

செவிலி மார்த்தாள் எழுதியது:

ஒண்ணு விட்டுப் போச்சு. முட்டை எடுத்த பிறகு வயிறு வேகமா உப்பறது, ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல எடை ஏறறது, சிறுநீர் குறையறது, மூச்சு வாங்கறது, நிக்காத வாந்தி, இதுல எது வந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. ராத்திரியில கூப்பிட வேண்டிய எண்ணை மருத்துவமனையில முன்னாடியே வாங்கி, ரெண்டு பேர் ஃபோன்லயும் பதிஞ்சு வச்சுக்கோங்க.